நாடு பார்க்கிற காக்கா

எங்கள் பக்கத்தில் பெண் வீட்டார்தான் மாப்பிள்ளை பார்க்கப் போவார்கள். பெண்ணுக்கு ஒரு வீட்டைக் கட்டி, கதவுக்கு வார்னிஷ் அடித்து, அதற்குப் பிறகுதான் புரோக்கரைக் கூப்பிடுவார்கள். மாப்பிள்ளைக்கு வேலை இருந்தால் தொழுகை இல்லை, தொழுகை இருந்தால் தலைமயிர் இல்லை, இரண்டும் இருந்தால் கரைசேராத தங்கச்சிமார் நாலு பேர் என்று தட்டிக்கொண்டே போய், வார்னிஷ் மங்கிப்போன வீடுகளும் உண்டு. காக்கா அதே மாதிரித்தான் நாடு பார்க்கிறார். இருபது வருஷமாகப் பார்க்கிறார். ஒன்றும் அமையவில்லை.

நாடு பார்ப்பது கல்முனையில் புதினமே இல்லை. பஸாரில் நின்று கல்லெறிந்தால் அது கட்டாரிலிருந்து லீவில் வந்த தலையில்தான் விழும். ஒருவர் சம்பளத்தைக் கேட்பார், ஒருவர் பிள்ளைகளின் படிப்பைக் கேட்பார், ஒருவர் பள்ளிவாசல் கிட்டத்திலா என்று கேட்பார். காக்கா பிளேன்டீயைக் கையில் எடுத்ததும் கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்று: "அங்க துவக்கு வெச்சிரிக்க உடுவானா?"

காக்கா என்று நான் சொல்வது ஓர் ஆளை மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். மருதமுனையில் ஒருவர் இருக்கிறார், நிந்தவூரில் இரண்டு பேர். கடற்கரைப் பள்ளிக்குப் போகிற வழியில் எங்கள் தேத்தண்ணிக்கடைக்கு வருகிறவர்தான் அந்த இனத்தில் நன்றாகப் பழுத்தது. வயது ஐம்பது. இஸ்திரி போட்ட சாரன், மேல்பையில் போன். மோட்டார்சைக்கிள் சாவி தொங்குகிற வளையத்தில் ஒரு பழைய தோட்டாக்கூடு.

அந்தக் கூட்டைக் கொஞ்சம் கிட்டப் பார்க்க வேண்டும். மேல்பகுதி கடதாசிக் குழாய். சிவப்பாய் இருந்து செங்கல் நிறமாய்ப் போனது. அடி பித்தளை. முப்பது நாப்பது வருஷம் விரல் பட்டு, தேய்த்த செம்பு போல மினுங்கும். அடியில் 12 என்ற இலக்கம். பக்கத்தில் ஆங்கிலத்தில் கொம்பெனியின் பேர், ஈ, எல், ஈ, வை. இங்கிலாந்துக் கொம்பெனி. வாப்பா அதை "எலித் தோட்டா" என்பாராம். எலி சுடுகிற தோட்டா என்றுதான் காக்கா சிறுவயதில் நினைத்திருந்தார். யானை வருகிற வயலுக்கு வாப்பா ஏன் எலித் தோட்டாவோடு போகிறார் என்பதே அவருடைய குழந்தைப் பருவத்தின் பெரிய கவலை.

அந்த 12 என்ன என்று யாராவது தெரியாமல் கேட்டுவிட்டால் அன்றைய அசர் தொழுகைக்குப் பிந்தி விடுவோம். "ஒரு றாத்தல் ஈயத்த எடு. சமமா பன்னெண்டு உருண்டையா உருட்டு. அதில ஒரு உருண்டை எந்தக் குழலுக்குள்ள சரியாப் போகுதோ அது பன்னெண்டு போர். இருவது உருண்டையா உருட்டினா இருவது போர். அப்ப இலக்கம் கூடக்கூட வாய் சின்னனாகும். வெளங்கிச்சா?" எங்கள் மேசையில் றாத்தல் என்றால் பாண் என்று மட்டும் தெரிந்தவர்கள்தான் அதிகம். விளங்கிற்று என்று தலையாட்டுவோம்.

வாப்பாவிடம் ஒற்றைக் குழல் துவக்கு ஒன்று இருந்தது. கச்சேரியில் லைசென்ஸ் எடுத்து, வருஷாவருஷம் புதுப்பித்து, கரைவாகு வட்டையில் பன்றிக்கும் யானைக்கும் காவலாக வைத்திருந்தார். யானையை அவர் சுட்டதே இல்லை. வானத்தைத்தான் சுடுவார். எண்பதுகளில் பிரச்சினை முற்றத் தொடங்கியபோது லைசென்ஸ் துவக்குகளை ஒப்படைக்கச் சொன்னார்கள். ஒப்படைக்காமல் வைத்திருந்தால் இரவில் வந்து கதவைத் தட்டி வாங்கிப்போக வேறு ஆட்களும் இருந்த காலம் அது. வாப்பா துவக்கைச் சாக்கில் சுற்றி, சைக்கிள் பாரில் கட்டி, பதினொரு வயது மகனைக் கரியரில் ஏற்றிக்கொண்டு போனார். வரும்போது பாரில் சாக்கு மட்டும். சேர்ட் பையில் ஒரு துண்டு.

அந்தத் துண்டு இன்னும் இருக்கிறது. நாலாய் மடித்த பழுப்புத் தாள், ஊதா மை, சிங்களத்தில் இரண்டு வரி, ஓர் இலக்கம், சாரைப்பாம்பு ஓடினமாதிரி ஒரு கையெழுத்து. மடிப்போடு கிழியத் தொடங்கியதும் காக்கா அதை லெமினேட் பண்ணி வைத்துக்கொண்டார். பிறகு அரசாங்கமே ஊர்காவல் படைக்கென்று எங்கள் பொடியன்மார் கையில் துவக்கைக் கொடுத்ததும், அதெல்லாம் மாறி மாறி வந்துபோனதும் ஊருக்குத் தெரிந்த கதை. வாப்பாவின் துவக்கு மட்டும் வரவில்லை. வாப்பாவும் போய்விட்டார்.

காக்கா முதல் பார்த்த நாடு அமெரிக்கா. யாருமே முதலில் பெரிய இடத்தைத்தானே பார்ப்பார்கள். 1791இல் அரசியலமைப்பில் சேர்த்த துவக்குத் திருத்தத்தைப் பற்றி அவர் பேசும்போது, அதை எழுதினவர்கள் சம்மாந்துறையில் பெண் எடுத்த ஆட்கள் போல இருக்கும். நூறு பேருக்கு நூற்றியிருபது துவக்கு என்று ஒரு கணக்கு உண்டு. பிறந்த குழந்தையும் துவக்கோடு பிறந்தாலும் மிஞ்சும். ஒவ்வொரு ஒக்டோபரும் கொமினிகேஷன் கடையில் கிறீன் காட் லொட்டரி நிரப்ப நின்ற வரிசையில் காக்கா முன்னுக்கு நிற்பார். வருஷத்துக்கு ஐம்பத்தையாயிரம் வரை விசா, விண்ணப்பம் கோடிக்கணக்கில். இரண்டங்குலத்துக்கு இரண்டங்குலப் படத்தில் அவர் முகம் வருஷத்துக்கு வருஷம் நரைத்துக்கொண்டே போனது. பதினாறு படங்களையும் வரிசையாக அடுக்கினால் நிலவு தேய்கிற படம் மாதிரி இருக்கும்.

"லொட்டரி விழாட்டி விசிட்ல போறது," என்றார் ஒரு நாள்.

விசிட் விசாக்காரனுக்குத் துவக்கு விற்பது அங்கே குற்றம், வேட்டை லைசென்ஸ் எடுத்தவனுக்கு விலக்கு உண்டு என்று நான் வாசித்ததைச் சொன்னேன்.

"அப்ப வேட்டைக்குப் போவம்."

"என்னத்த வேட்டையாடுவீங்க?"

"மான்."

"அறுக்கிறது ஆரு?" என்றார் மூலையில் இருந்த மௌலவி.

அதோடு அமெரிக்கா போய்விட்டது. பிஸ்மி சொல்லிச் சுட்டால் போதுமா, போய்ச் சேருகிறபோது மானுக்கு உயிர் இருந்தால் என்ன, சன்னத்தால் செத்ததும் அம்பால் செத்ததும் ஒன்றா என்று மஃரிபு வரைக்கும் மசலா ஓடியது. மான் மட்டும் தப்பியது.

கனடாவைப் பார்த்தது காக்காவின் மச்சான் சொன்னதால். கொஞ்ச நாள் நல்லாகத்தான் போனது. கனடாவில் 2022 ஒக்டோபரிலிருந்து கைத்துவக்கு வாங்கவோ விற்கவோ ஏலாது என்று தடுத்துவிட்டார்கள். அதைக்கூடக் காக்கா பொறுத்துக்கொண்டார், அவருக்கு வேண்டியது நீட்டுத் துவக்குத்தான். இடறினது துவக்கு லைசென்ஸ் விண்ணப்பப் படிவத்தில். அதில் மனைவி கையெழுத்து வைக்கும் ஓர் இடம் இருக்கிறது. வைக்காவிட்டால் அதிகாரியே மனைவிக்கு அறிவித்து விசாரிப்பார். காக்கா இதை வீட்டில் சோற்றுக்கு முன்னால் சொல்லியிருக்கக் கூடாது.

"இஞ்சப் பாருங்க," என்றாராம் மனைவி. "வீடு எண்ட பேர்ல. வளவு எண்ட பேர்ல. துவக்கும் எண்ட கையெழுத்தில எண்டா, அப்ப ஒங்களுக்கெண்டு என்னதான் இரிக்கி?"

இதைக் காக்காவே எங்களிடம் சொன்னார். மறைக்கிற குணம் இல்லை, அது ஒன்று அவரிடம் எனக்குப் பிடிக்கும்.

அவுஸ்திரேலியாவை ஐந்து நிமிஷத்தில் தட்டிவிட்டார். 1996இல் போர்ட் ஆர்தரில் ஒருவன் 35 பேரைச் சுட்டுக் கொன்றபிறகு அங்கே அரசாங்கம் ஆறரை இலட்சம் துவக்குகளைக் காசு கொடுத்து வாங்கி உடைத்துவிட்டது. "ஒடைச்சவன்ட வீட்டுக்கு ஏன் போறது?" பயிர்க் காவலுக்கென்று கேட்டால் தருவான், உயிர்க் காவலுக்கென்று கேட்டால் தரமாட்டான் என்றேன். அவர் முகம் ஒரு நிமிஷம் மாறியது. வாப்பா கேட்டதும் பயிர்க் காவலுக்குத்தானே. ஆனாலும் மறுபடி பேச்செடுக்கவில்லை.

யெமனையும் விடவில்லை. ஆளுக்கணக்கில் துவக்கு உலகத்திலேயே இரண்டாவது அங்கேதான். நூறு பேருக்கு ஐம்பத்திரண்டு ஐம்பத்துமூன்று. "நம்மட மூத்தவங்க வந்த பக்கம்" என்றார் வேறு. எல்லாரும் அங்கிருந்து வெளியே வருகிறார்களே காக்கா என்றால், "அதான் மனே, உள்ளுக்குப் போற லைன்ல ஆக்கள் இரிக்காது" என்கிறார். இந்தத் தர்க்கத்துக்கு மறுமொழி சொல்லத் தெரியாமல் நான் இன்னொரு பிளேன்டீ சொன்னேன்.

நியூசிலாந்தும் ஒரு காலத்தில் பட்டியலில் இருந்தது. 2019 மார்ச் 15, வெள்ளிக்கிழமை, கிறைஸ்ட்சேர்ச்சில் ஜும்ஆவுக்குப் போன 51 பேர். அன்று கடையில் அவர் வாய் திறக்கவில்லை. அடுத்த மாதம் எங்கள் நாட்டின் ஈஸ்டர் ஞாயிறுக் குண்டுகள், அதன் பிறகு ஏப்ரல் 26 இரவு சாய்ந்தமருதில் கேட்ட சூடும் வெடியும். எங்கள் வீட்டு யன்னல் கண்ணாடிகள் அதிர்ந்த இரவு. வாள், கத்தியெல்லாம் பொலிசில் ஒப்படைக்கச் சொன்ன நாட்களில் மீன் வெட்டுகிற கத்தியை எங்கே ஒளிப்பது என்று பெண்டுகள் திரிந்தார்கள். காக்காவின் தோட்டாக்கூடு மூன்று மாதம் நெல்லுப் பெட்டிக்குள் கிடந்தது. சாவி வெறும் சாவியாய்த் தொங்கியது. அந்த மூன்று மாதமும் நாடு பார்க்கிற பேச்சே இல்லை. அதைப்பற்றி இதற்கு மேல் எழுத எனக்கும் மனமில்லை.

சுவிஸுக்கு வருவோம். சுவிஸ்தான் காக்காவுக்கு உண்மையிலேயே மனம் பிடித்த இடம்.

அங்கே பட்டாளத்தில் இருக்கிற ஆம்பிளை தன் துவக்கை வீட்டு அலுமாரியில் வைத்திருக்கிறான். பொதுக் களஞ்சியத்தில் வைக்கச் சொல்லி 2011இல் வாக்கெடுப்பு வைத்துப் பார்த்தார்கள். சனம் முடியாது என்றுவிட்டது. சட்டம் கொஞ்சம் இறுகியது 2019இல், அதையும் சனம் வாக்குப் போட்டுத்தான் இறுக்கியது. ஞாயிற்றுக்கிழமை துவக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு ரயிலில் போய்க் குறிபார்த்துச் சுட்டுவிட்டு, பாலும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருவார்களாம். அப்படியிருந்தும் ஊர் அமைதி, பஸ் நேரத்துக்கு வரும். "பாத்தியா, ஒரு பக்கம் துவக்கு, ஒரு பக்கம் பால்," என்று இரண்டு கையையும் தராசு போல விரித்துக் காட்டுவார். ஒரு மழை மாதம் முழுக்க எங்களுக்குச் சுவிஸ்தான். எந்த மாகாணத்தில் என்ன பாஷை என்று கடைப் பொடியனுக்கும் பாடம்.

பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயில் திருவிழாவுக்கு பேர்னிலிருந்து ஒரு தமிழ்ப் பொடியன் வந்திருந்தார். பொடியன் என்றாலும் நாப்பது தாண்டியவர். கடைக்காரரோடு ஒன்றாய்ப் படித்தவர். காக்கா அவரைப் பக்கத்தில் இருத்தி, வடை வாங்கிக் கொடுத்து, சம்பந்தம் பேசுகிறவர் போல மெல்ல ஆரம்பித்தார்.

"தம்பி, அங்க வந்து ஒரு துவக்கு எடுக்கிறதெண்டா…"

"நம்மட ஆக்களுக்குக் குடுக்கமாட்டாங்க அண்ணே."

"நம்மட எண்டா? முஸ்லிம்களுக்கா?"

"இல்ல அண்ணே. சிலோன்காரருக்கு. சட்டத்தில பேர் போட்டே எழுதியிரிக்கு. அல்பேனியா, அல்ஜீரியா, பொஸ்னியா, கொசோவோ, துருக்கி, அதோட சிறிலங்கா. நான் இரிக்கிற இத்தின வருஷத்துக்கும் சிட்டிசன் எடுக்கிற வரைக்கும் எனக்கே ஏலாம இருந்த."

உண்மைதான். சுவிஸின் ஆயுத ஒழுங்குவிதியில் அப்படி ஒரு பட்டியல் இருக்கிறது. சண்டையும் கலவரமும் நடந்த நாடுகளின் பிரஜைகளுக்கு ஆயுதம் வாங்கவும் வைத்திருக்கவும் தடை. உலகத்தில் இருநூறு நாடு. அதில் விரல்விட்டு எண்ணக்கூடிய பேர்களைத் தேடி எடுத்து எழுதியிருக்கிறான், அதில் ஒன்று நாங்கள்.

காக்கா வடையைக் கீழே வைத்தார். கொஞ்ச நேரம் கடலைப் பார்த்தார்.

"அப்ப அவனுக்கு நம்மளத் தெரிஞ்சிரிக்கி," என்றார்.

அந்தக் குரலில் கவலை எவ்வளவு, பெருமை எவ்வளவு என்று இன்றுவரை என்னால் பிரிக்க முடியவில்லை.

"சிட்டிசன் எடுக்க எத்தின வருஷம்?"

"இப்பத்த சட்டப்படி பத்து."

காக்கா விரலில் எண்ணினார். அறுபது. எழுந்துபோய்விட்டார். இரண்டு நாள் கடைக்கு வரவில்லை. மூன்றாம் நாள் வந்து உட்காரும்போதே, "செக் குடியரசு எண்டு ஒண்டு இரிக்கி" என்றார். அங்கே ஆயுதத்தால் தன் உயிரைக் காக்கிற உரிமையை 2021இல் அடிப்படை உரிமைகளோடு சேர்த்துவிட்டார்கள். ஆனால் லைசென்ஸ் எடுக்க டொக்டரின் சான்று வேண்டும், எழுத்துப் பரீட்சை, கையால் செய்து காட்டுகிற பரீட்சை. பரீட்சை என்றதும் காக்கா தளர்ந்தார். ஓ.எல். கணிதத்தில் அவருக்கும் பரீட்சைத் திணைக்களத்துக்கும் மூன்று தடவை கருத்து வேறுபாடு ஏற்பட்டது.

ஏன் காக்கா, இத்தனை நாடு சுற்றுவதை விட்டுவிட்டு அம்பாறைக் கச்சேரியில் ஒரு விண்ணப்பம் போட்டால் என்ன? வயல் இருக்கிறதே! கேட்டிருக்கிறேன். கேட்டவுடன் சட்டம் கொட்டுவார். "1916ஆம் ஆண்டு 33ஆம் இலக்கச் சட்டம். வெள்ளைக்காரன் போட்டது." வயல் உறுதி, கிராம சேவகரின் கடிதம், பொலிஸ் அறிக்கை, வருஷாவருஷம் புதுப்பிப்பு, எல்லாம் தலைகீழ்ப் பாடம். விண்ணப்பம் மட்டும் போடமாட்டார். "போட்டா அவன் கேப்பான், இதுக்கு முதல் ஒங்கட குடும்பத்தில துவக்கு இருந்ததா எண்டு. இருந்த எண்டு செல்லணும். எங்க எண்டு கேப்பான். துண்டக் குடுக்கணும்." அங்கே நிறுத்திவிடுவார். துண்டைக் கொடுத்தால் அது திரும்பி வராது என்பது அவருடைய கணக்கு. தப்பான கணக்கு என்று என்னால் சொல்ல முடியவில்லை.

அவர் துவக்குப் பிடிக்கிற அழகை நான் நேரில் கண்டதில்லை. யானை வெடி கொளுத்துகிற அழகைக் கண்டிருக்கிறேன். போன பெரும்போகம், கதிர் முற்றி நிற்கிற நேரம், வாடியில் காவலுக்கு என்னையும் கூட்டிப்போனார். வனசீவராசிகள் திணைக்களம் கொடுத்த வெடி நாலு, சாக்கில் சுற்றி பரணில் கிடந்தது. இரவு ஒன்றரை மணி. டெக்சாஸில் 2021 செப்டம்பரிலிருந்து லைசென்ஸே இல்லாமல் இடுப்பில் செருகிக்கொண்டு திரியலாம் என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கையில் வாய்க்கால் பக்கம் நாணல் முறிகிற சத்தம் கேட்டது. பிறகு தும்பிக்கை நெல்லைச் சுருட்டி இழுத்து, முழங்காலில் தட்டி மண்ணை உதறுகிற சத்தம். தட், தட் என்று அவசரமே இல்லாமல்.

காக்கா பஞ்சை எடுத்து இரண்டு காதிலும் திணித்தார். நீட்டுக் கம்பின் நுனியில் நுளம்புத்திரியைக் கட்டி, கம்பை என் கையில் தந்தார். "நீ கொளுத்து மனே, எனக்குப் பிரஷர்." நான் வாத்தியார் வேலை பார்த்தவன், வெடிக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்? கடைசியில் பக்கத்து வாடியின் வெட்டுக்காரப் பொடியன் வந்து கொளுத்தினான். முதல் வெடி நமுத்து, "புஸ்" என்றது. இரண்டாவது வெடித்தது. யானை தலையைத் தூக்கி எங்களைப் பார்த்துவிட்டு, வாயில் இருந்ததை மென்று முடித்துத்தான் நகர்ந்தது. காக்கா காதுப் பஞ்சை எடுத்துவிட்டு, "வாப்பா வெச்ச ஒரு வெடிக்கு இதெல்லாம் ஓடிரும்," என்றார். இருட்டில் முகம் தெரியவில்லை.

2024இன் கடைசியில் தற்பாதுகாப்புக்கென்று தனியாட்களுக்குக் கொடுத்திருந்த துவக்குகளைப் பாதுகாப்பு அமைச்சு திருப்பிக் கேட்டது. அன்றைக்கு எல்லாருக்கும் காக்காவின் செலவில் பிளேன்டீ. "பெரிய பெரிய ஆக்களெல்லாம் இப்ப வரிசையில நிண்டு துண்டு வாங்குறாங்க மனே. எங்கட வாப்பா நாப்பது வருஷத்துக்கு முந்தியே வாங்கிட்டாரு."

போன வருஷம் மகள் டோஹாவுக்குக் கூப்பிட்டாள். பேரப்பிள்ளை பிறந்திருக்கிறது. காக்கா வாழ்நாளில் முதல்முறையாக, துவக்குச் சட்டம் பார்க்காமல் ஒரு நாட்டுக்குப் புறப்பட்டார். எயார்போட்டில் பெல்ட், செருப்பு, போன், சாவி எல்லாவற்றையும் தட்டில் வைத்து உள்ளே அனுப்பினார். பெல்ட் வந்தது. செருப்பு வந்தது. சாவி வரவில்லை. இளம் உத்தியோகத்தர் ஒருவர் சாவி வளையத்தை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "மே மொகத்த?" என்றார்.

காக்கா விளக்கினார். முழுவதையும். றாத்தல் ஈயம், பன்னிரண்டு உருண்டை, எலி, வட்டை, சைக்கிள் பார். பாதி சிங்களம், பாதி கை. பின்னால் வரிசை நீண்டது.

"தாத்தாகேத?" என்றார் உத்தியோகத்தர்.

"தாத்தாட இல்ல. வாப்பாட."

சிங்களத்தில் தாத்தா என்றால் வாப்பாதான் என்று பின்னாலிருந்து யாரோ சொல்லிக் கொடுத்தார்கள்.

"மகளப் பாக்கப் போறமா, கோட்டுக்குப் போறமா?" என்றார் மனைவி.

வெற்றுக்கூடு என்றாலும் விமானத்தில் ஏற்ற ஏலாது. கூட்டைக் கழற்றி மேசையில் வைத்தார்கள். காக்கா சாவியை எடுத்துக்கொண்டார், அசையவில்லை. துண்டு ஒன்று வேண்டும் என்றார். இதற்கெல்லாம் துண்டு கொடுப்பதில்லை என்றார்கள். அவர் நின்றுகொண்டேயிருந்தார். விமானத்துக்குக் கடைசி அழைப்பும் போட்டாயிற்று. அந்த இளம் ஆள் அவருடைய முகத்தைப் பார்த்தார். பிறகு ஒரு கடதாசியைக் கிழித்து, சிங்களத்தில் ஒரு வரி எழுதி, 1 என்று இலக்கம் போட்டு, கையெழுத்து வைத்து நீட்டினார்.

டோஹாவில் மருமகன் அவரைக் கட்டாரா கலாசாரக் கிராமத்தில் நடக்கிற பருந்து, வேட்டைக் கண்காட்சிக்குக் கூட்டிப்போனார். கண்ணாடிக்குப் பின்னால் துவக்குகள் வரிசையாய் நின்றன. விலை கேட்கவில்லை. விற்பனைக்கு நின்ற மலையாளியிடம், "எலி இரிக்கா?" என்று மட்டும் கேட்டாராம். "எலியோ? இவிடெ பருந்தே உள்ளூ" என்றானாம் அவன்.

ஊருக்கு வந்த மறுநாள், கல்முனை பஸாரில் ஃபோட்டோக் கொப்பிக் கடையில் அவரைக் கண்டேன். சேர்ட் பையிலிருந்து அந்தக் கிழித்த கடதாசியை எடுத்து, விரலால் சுருக்கம் நீக்கிக் கொடுத்தார்.

"லெமினேட் பண்ணணும்."

பொடியன் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "காக்கா, இதென்ன, ஐடென்டிகாட் சைஸ்லயா போடணும், ஏ ஃபோர்லயா?"

"முந்தின துண்டு எந்த சைஸ்ல போட்டீங்களோ, அதே சைஸ்ல போடுங்க."